ஐந்து ஏக்கர் மானாவாரி, நாற்பது செம்மறிகள்: மேய்ச்சல் நிலம் குறித்த கேள்விக்குப் பதில்

கேள்வி: என்னிடம் ஐந்து ஏக்கர் மானாவாரிச் செம்மண் நிலம் உள்ளது. ஒரு மூலையில் சரளை அதிகம். ஆண்டு மழை சுமார் 650 மில்லிமீட்டர், கிணறு கிடையாது. நாற்பது செம்மறிகள் வளர்க்கிறேன். முதல் ஆண்டு கொழுக்கட்டைப்புல் விதையைத் தூவி ஓர் உழவு ஓட்டி மூடினேன்; பத்தில் ஒரு பங்குகூட முளைக்கவில்லை. இரண்டாம் ஆண்டு ஒரு ஏக்கரில் மட்டும் முயல் மசால் என்னும் பயறு வகைத் தீவனச் செடியையும் சேர்த்து விதைத்தேன். புல் நன்றாக முளைத்து முழங்கால் உயரம் வந்தது. நாற்பதாம் நாள் ஆடுகளை விட்டேன். மூன்றே நாளில் பாதிப் புல் வேரோடு வந்துவிட்டது. முயல் மசால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரிகிறது. விதை சரியில்லையா, நிலம் ஆகாததா? இந்த நிலம் எத்தனை ஆடுகளைத் தாங்கும்? பக்கத்தில் உள்ளவர்கள் கம்பு நேப்பியர் புல் போடச் சொல்கிறார்கள். வேலியோரம் சூபாபுல் மரம் வைக்கலாமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதில்: தங்கள் கடிதத்தில் தேதியும் செய்முறையும் விடாமல் எழுதியிருப்பதால் குறை எங்கே நேர்ந்தது என்று சொல்வது எளிதாக இருக்கிறது. நிலத்தின் மேல் பழியில்லை. வடிகால் உள்ள செம்மண்ணும் 650 மில்லிமீட்டர் மழையும் கொழுக்கட்டைப்புல்லுக்கு ஏற்றவையே. நீர் தேங்கும் களிமண்தான் அதற்கு ஆகாது. விதையின் தரத்தை இனித்தான் சோதிக்க வேண்டும். ஆனால் முதல் ஆண்டு இழப்புக்கு ஆழமும், இரண்டாம் ஆண்டு இழப்புக்கு அவசரமுமே முதன்மைக் காரணங்கள் என்று தயக்கமின்றிச் சொல்லலாம்.

முதலில் கம்பு நேப்பியரைப் பற்றி ஒரு வார்த்தை. அது நல்ல தீவனம்தான். எனினும் பாசனமும் தொடர்ந்த உரமும் இருந்து, அறுத்துப் போடுவதற்கான பயிர் அது. கிணறு இல்லாத நிலத்தில் அதன் கரணைகளை நட்டால் முதல் நீண்ட வறட்சியில் செலவிட்ட பணம் கண்ணெதிரே காய்வதைப் பார்க்க நேரும். அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

கொழுக்கட்டைப்புல் விதை என்று பையில் நமக்குக் கிடைப்பது உண்மையில் வெறும் விதை அன்று. மெல்லிய மயிர்கள் சூழ்ந்த சிறு கூடு. அதற்குள் ஒன்றிரண்டு மணிகள் இருக்கலாம். ஒன்றுமே இல்லாத பதராகவும் இருக்கலாம். உள்ளே இருக்கும் மணி கடுகைவிடப் பெரியதன்று. அதில் உள்ள சத்து ஒரு சென்டிமீட்டர் மண்ணைத் துளைத்து வெளிவர மட்டுமே போதும். தாங்கள் விதைத்த பின் ஓட்டிய உழவு அதைப் பத்து சென்டிமீட்டர் வரை கீழே தள்ளியிருக்கும். அங்கே அது முளைத்திருக்கவும் கூடும். வெளிச்சத்தைக் காணும் முன்னரே கையிருப்பு தீர்ந்து மடிந்திருக்கும். இனி விதைத்த பிறகு கலப்பையோ கொத்துக்கலப்பையோ நிலத்தில் இறங்கக் கூடாது. கிளைகள் நிறைந்த ஒரு முட்கொப்பை அறுத்து, அதைக் கயிற்றில் கட்டி ஒருமுறை மேலாக இழுத்துவிட்டால் போதும். சில விதைகள் மண்ணின் மேல் கண்ணுக்குத் தெரிந்தபடி கிடந்தாலும் பாதகமில்லை.

விதையை வாங்கும்போது அது எப்போது அறுவடையானது என்று கட்டாயம் கேளுங்கள். புதிதாக உதிர்த்த கொழுக்கட்டைப்புல் விதைக்கு உறக்கநிலை உண்டு. எட்டு முதல் பத்து மாதங்கள் உலர்ந்த இடத்தில் இருந்த விதை, போன மாதம் அறுத்த விதையைவிட நன்றாக முளைக்கும். புதிய விதையே நல்ல விதை என்னும் நமது வழக்கமான எண்ணம் இங்கே பொருந்தாது. அடுத்து, ஒரு கைப்பிடி எடுத்து நூறு கூடுகளை எண்ணி, ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். மயிர் பிரிந்து பழுப்பு நிற மணி தட்டுப்பட்டால் அது விதை. வெறும் உமி மட்டும் பறந்தால் பதர். நூற்றில் முப்பதுதான் மணியுள்ளவை என்றால் பை முழுவதும் அந்தக் கணக்குதான். அந்த மணிகளை ஈரத்துணியில் சுருட்டி வைத்துப் பத்து நாளில் எத்தனை முளைக்கின்றன என்றும் பார்த்துவிடுங்கள். அரை மணி நேர வேலை இது. இதைச் செய்யாமல் மழை வந்த அன்று விதைப்பவர்களே அதிகம். ஓரளவு நல்ல விதையாக இருந்தால் ஏக்கருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ போதும். பதர் அதிகமென்றால் அதற்கேற்ப அளவைக் கூட்ட வேண்டும். கூடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால் பல மடங்கு ஈர மணலுடன் பிசறித் தூவினால் சீராக விழும்.

முயல் மசால் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்ததற்குக் காரணம் வேறு. அதன் விதையுறை நீர் புகாதபடி கடினமானது. தண்ணீரை 80 டிகிரி செல்சியசு அளவுக்குச் சூடாக்கி, அதில் விதையை நான்கு நிமிடம் போட்டெடுத்து, பிறகு இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்த வேண்டும். கொதிக்கும் நீரில் போட்டு மறந்துவிட்டால் விதை வெந்துவிடும். இதில் நான் கடைப்பிடிக்கும் ஒரு முறையைச் சொல்கிறேன். மொத்த விதையையும் இப்படிப் பதப்படுத்துவதில்லை. மூன்றில் ஒரு பங்கைக் கடினமாகவே விட்டு, இரண்டையும் கலந்து விதைப்பேன். முதல் மழையை நம்பி முளைத்த நாற்றுகள் அடுத்த மழை தாமதித்துக் கருகிவிட்டால், உறங்கிக் கிடக்கும் அந்த மூன்றில் ஒரு பங்கு அடுத்தடுத்த மழைகளில் எழுந்து வரும். மானாவாரியில் எல்லா விதையையும் ஒரே மழையின் மேல் பந்தயம் கட்டுவது தகாது.

முயல் மசாலில் இரண்டு வகைகளைக் கலந்து போடுவது நல்லது. ஒன்று படர்ந்து வளர்ந்து, சில ஆண்டுகளே வாழ்ந்து, உதிர்த்த விதையால் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் கரீபிய முயல் மசால். மற்றொன்று ஆழ வேர்விட்டுப் புதர்போல் நிற்கும் பல்லாண்டு முயல் மசால். இதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. வட ஆஸ்திரேலியாவில் டவுன்ஸ்வில் முயல் மசால் என்ற ஒரே ஓராண்டு இனத்தை நம்பி மேய்ச்சல் நிலங்களைப் பரப்பியிருந்தனர். 1970களில் ஆந்த்ராக்னோஸ் என்னும் பூஞ்சணக் கருகல் நோய் தாக்கியதில் அந்த இனமே அங்கு பயனற்றுப் போனது. அதன் பிறகே நோயைத் தாங்கும் பிற இனங்களுக்கு அவர்கள் மாறினர். தங்கள் ஐந்து ஏக்கருக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும். மூன்று வரிசை புல்லுக்கு ஒரு வரிசை முயல் மசால் என்ற விகிதம் ஏற்றது. வேலிமசால் என்னும் மற்றொரு பயறு வகைத் தீவனத்தையும் சேர்க்கலாம். ஆனால் அதற்கென உள்ள ரைசோபியம் நுண்ணுயிரை விதையோடு கலக்காவிட்டால் வேர்முடிச்சு சரியாக உருவாகாமல் வெளிறி நிற்கும். முயல் மசாலுக்கு அவ்வளவு பிடிவாதம் இல்லை. மண்ணில் இயல்பாக உள்ள நுண்ணுயிர்களோடே பெரும்பாலும் ஒத்துப்போகும்.

பயறு வகையை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. இளம் கொழுக்கட்டைப்புல்லில் புரதம் போதிய அளவு இருக்கும். கதிர் தள்ளிக் காய்ந்த பின் அது நூற்றுக்கு நான்கு பங்கு, மூன்று பங்கு என இறங்கிவிடும். தீவனத்தில் புரதம் ஏழு விழுக்காட்டுக்குக் கீழே போனால் ஆட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்களுக்கே உணவு போதாது. நார் செரிப்பது தாமதமாகும். வயிறு நிறைந்தே இருப்பதால் ஆடு மேலும் தின்னாது. புல் கண்முன் நிறைய இருக்க ஆடு மெலிகிறதே என்று கோடையில் பலர் வியப்பது இதனால்தான். முயல் மசால் புல் காய்ந்த பிறகும் சில வாரங்கள் பச்சையாக நின்று இந்தக் குறையைப் பெருமளவு ஈடுசெய்யும்.

நிலத் தயாரிப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோடை மழையில் இரண்டு உழவு போட்டு, சரிவுக்குக் குறுக்காகச் சம உயர வரப்புகளை எடுத்துவிடுங்கள். மழை நீர் ஓடினால் விதையும் அதோடு ஓடும். ஏக்கருக்கு இரண்டு டன் மக்கிய தொழுவுரமும் அடியுரமாகச் சூப்பர் பாஸ்பேட்டும் இடலாம். மண்ணைச் சோதித்து அளவை முடிவு செய்யுங்கள். மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்த மண்ணில் பயறு வகைகள் முளைத்தாலும் வளராமல் குன்றி நிற்கும். முதல் மழைக்குக் களையை முளைக்கவிட்டு மேலாகக் கிளறி அழித்துவிட்டு, அடுத்த நல்ல மழையில் மண் ஒரு சாண் நனைந்த பிறகு விதையுங்கள். வறண்ட மண்ணில் முன்கூட்டியே தூவினால் பாதியை எறும்புகள் கொண்டுபோகும். எறும்புப் புற்றின் வாயைச் சுற்றிக் கொழுக்கட்டைப்புல்லின் உமி வளையமாகக் கிடப்பதைத் தாங்களே பார்த்திருக்கக்கூடும்.

இனி, தாங்கள் உள்ளபடியே வருந்தி எழுதியிருக்கும் நாற்பதாம் நாளுக்கு வருவோம்.

விதையிலிருந்து எழும் புல்லுக்கு முதலில் இருப்பது நூல்போன்ற முளைவேர் மட்டுமே. செடியைத் தரையில் பிணைத்து வைக்கும் தடித்த வேர்கள் பிறகே, தண்டின் அடியில் உள்ள தூரிலிருந்து இறங்குகின்றன. அவை இறங்க மேல்மண் பல நாள் ஈரமாக இருக்க வேண்டும். மழை விட்டுவிட்டுப் பெய்து மேல்மண் அடிக்கடி காய்ந்தால் இலை முழங்கால் உயரம் எழுந்திருந்தாலும் கீழே பிடிப்பு இருக்காது. இதோடு ஆடு மேயும் விதத்தையும் சேர்த்துப் பாருங்கள். செம்மறிக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை; அங்கே கடினமான ஈறுதான் உள்ளது. கீழ்ப்பற்களால் புல்லை அந்த ஈறோடு அழுத்திப் பிடித்து, தலையை வெடுக்கென்று இழுத்து அறுக்கிறது. பிடிப்பில்லாத நாற்று அந்த இழுப்பில் முழுதாக வந்துவிடும். உயரத்தைப் பார்த்துத் தாங்கள் ஏமாந்ததில் வியப்பில்லை. நான் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு செயல்விளக்கத் திடலில், பார்வையிட வந்தவர்களுக்குக் காட்டுவதற்காக ஆறாவது வாரத்திலேயே ஆடுகளை விட்டேன். அன்று மாலை திடலில் வேரும் மண்ணுமாகச் சிதறிக் கிடந்த நாற்றுகளைப் பொறுக்கியவனும் நானேதான்.

எனவே நாளைக் கணக்கிடாதீர்கள்; கையால் சோதியுங்கள். ஆடு கடிக்கும் உயரத்தில், அதாவது தரையிலிருந்து நான்கு விரல் மேலே, ஒரு பிடி இலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே இறுக்கிப் பிடித்து, பக்கவாட்டில் வெடுக்கென்று இழுங்கள். இலை அறுந்து கையோடு வந்து, தூர் அசையாமல் நின்றால் அந்தச் செடி தயார். தூர் ஆடினாலோ அடியில் மண் வெடித்தாலோ இன்னும் ஆகவில்லை. நிலத்தின் நடுவிலும் ஓரங்களிலும், சரளை மூலையிலும் தவறாமல், இருபது இடங்களில் இப்படிப் பாருங்கள். பதினெட்டு தூர்களாவது நிற்க வேண்டும்.

ஆனால் முதல் மழைக்காலத்தைப் பொறுத்தவரை, சோதனையில் தேறினாலும் ஆடுகளை விட வேண்டாம் என்பதே என் கருத்து. முப்பதாம் நாள் ஒரு களை எடுத்து, பார்த்தீனியம் பூக்கும் முன் பிடுங்கிவிட்டு, புல்லையும் முயல் மசாலையும் விதை முற்றி உதிரும்வரை விட்டுவிடுங்கள். அவ்வாறு உதிரும் விதை தாங்கள் விதைத்த மூன்று கிலோவைப்போலப் பல மடங்கு. அதுவே அடுத்த ஆண்டின் இடைவெளிகளை நிரப்பும். விதை உதிர்ந்த பின் தரையிலிருந்து பத்து சென்டிமீட்டர் விட்டு மேலே அறுத்துப் பட்டியில் போடலாம். அல்லது காய்ந்த தாளை ஓரிரு நாள் மட்டும் மேயவிடலாம். ஓர் ஆண்டு மேய்ச்சலை இழப்பதாகத் தோன்றும். ஐந்து ஏக்கரையும் ஒரே ஆண்டில் விதைத்தால் அந்த இழப்பு தாங்க முடியாதது என்பதும் எனக்குத் தெரியும். ஆகையால் ஆண்டுக்கு ஒன்றரை அல்லது இரண்டு ஏக்கர் என மூன்று ஆண்டுகளில் நிலம் முழுவதையும் மாற்றுவதே தங்களுக்கு ஏற்ற வழி.

எத்தனை ஆடு தாங்கும் என்னும் கேள்விக்கான பதில் தங்களுக்கு உவப்பாக இராது. முப்பது கிலோ எடையுள்ள ஓர் ஆட்டுக்கு ஒரு நாளைக்கு, ஈரம் நீக்கிய எடையில், சுமார் ஒரு கிலோ தீவனம் வேண்டும். நாற்பது ஆடுகளுக்கு நாளொன்றுக்கு 40 கிலோ. ஆண்டுக்கு 14,600 கிலோ. தாங்கள் சொல்லும் மழையில், நன்கு அமைந்த புல்லும் முயல் மசாலும் ஏக்கருக்கு ஆண்டில் ஒன்றரை டன்னுக்குச் சற்று மேல் காய்ந்த எடை தரும் என்று நிதானமாக மதிப்பிட்டால், ஐந்து ஏக்கரில் எட்டு டன். இதில் பாதியை மட்டுமே ஆட்டின் கணக்கில் எழுத வேண்டும். மறுபாதி மிதிபடுவதும் சாணம் பட்டு ஒதுக்கப்படுவதும், தூரைக் காப்பதற்காக நாம் விட்டுவைக்க வேண்டியதுமாகும். ஆக நான்கு டன்; நாற்பது ஆடுகளுக்கு நூறு நாள். ஆண்டு முழுவதும் இந்த நிலத்தை மட்டுமே நம்புவதானால் பதினொரு ஆடுகள். மழைக்காலத்தில் நிலம் பச்சையாக இருப்பதைப் பார்த்து மந்தையின் எண்ணிக்கையை முடிவு செய்தால், கடைசி மூன்று வறண்ட மாதங்களில் அந்த முடிவின் விலையைத் தூர்கள் கொடுக்கும்.

இதற்காக 29 ஆடுகளை விற்றுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மீதி நாள்களுக்கான தீவனம் எங்கிருந்து வரும் என்பதை இப்போதே எழுதி வையுங்கள்: அறுவடையான வயல்களின் தாள், கடலைக்கொடி, மரத்தழை, வெளி மேய்ச்சல், வாங்கும் தீவனம். எழுதிப் பார்த்து நாள்கள் நிரம்பவில்லை என்றால் அந்த அளவுக்கு மந்தையைக் குறைக்க வேண்டியதுதான். சோள வயலின் மறுதாம்பில், அதாவது அறுத்த தூரிலிருந்து மீண்டும் தழைக்கும் பயிரில், ஆடுகளை விட நேர்ந்தால் ஒரு எச்சரிக்கை: இளம் துளிரிலும் வறட்சியில் வாடிய பயிரிலும் ஹைட்ரஜன் சயனைடு நஞ்சு உருவாகும், வயிறு காலியாக உள்ள மந்தையை அதில் விட்டால் சில நிமிடங்களிலேயே ஆடுகள் விழக்கூடும்.

என் மதிப்பீட்டை நம்பியிராமல் தாங்களே அளந்து பார்க்கவும் வழியுண்டு. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் ஒன்றைக் குச்சிகளால் கட்டிக்கொண்டு, பார்த்துத் தேர்ந்தெடுக்காமல் பத்து இடங்களில் எறிந்து, சட்டத்துக்குள் விழுந்த புல்லைத் தரையிலிருந்து நான்கு விரல் விட்டு அறுத்து, மொறுமொறுவென்று காயவைத்து நிறுங்கள். சராசரியாக ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராமோ அதை நான்கால் பெருக்கினால் ஒரு ஏக்கருக்கு எத்தனை கிலோ என்பது கிடைக்கும். 200 கிராம் என்றால் ஏக்கருக்கு 800 கிலோ.

இந்த அளவைக் கொண்டே சுழற்சி முறையை வகுக்க வேண்டும். ஐந்து ஏக்கரை ஆறு பகுதிகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் முக்கால் ஏக்கருக்குச் சற்று மேல் வரும். சதுர மீட்டருக்கு 200 கிராம் இருக்கும் நிலையில் ஒரு பகுதியில் 650 கிலோவும், தின்னக்கூடிய பாதியாக 325 கிலோவும் கிடைக்கும். அது நாற்பது ஆடுகளுக்கு எட்டு நாள். ஆனால் எட்டு நாளும் ஒரே இடத்தில் விடாமல், நடுவே கயிற்று வலை கட்டி நான்கு நாள் இந்தப் பக்கம், நான்கு நாள் அந்தப் பக்கம் என்று மேய்த்தால், பன்னிரண்டு பாதிகளும் சுற்றிவர 48 நாள் ஆகும்; மேய்ந்த இடத்துக்கு 44 நாள் ஓய்வு கிடைக்கும். மழை நன்றாகப் பெய்து புல் விரைந்து தழைத்தால் சுற்றையும் விரைவுபடுத்தலாம். மழை நின்று வளர்ச்சி தளர்ந்தால் சுற்று நீள வேண்டும். பலர் நேர்மாறாக, புல் குறையக் குறைய அவசர அவசரமாக அடுத்த பகுதிக்கு நகர்த்துவார்கள். மிகை மேய்ச்சல் என்பது ஆடுமாடுகளின் எண்ணிக்கையைவிட, அவை ஓரிடத்தில் எவ்வளவு நேரம் இருந்தன, எவ்வளவு விரைவில் திரும்பின என்பதைப் பொறுத்தது என்று பிரான்சைச் சேர்ந்த உயிர்வேதியியலாளரும் பண்ணையாளருமான ஆந்த்ரே வுவாசான் கடந்த நூற்றாண்டின் நடுவில் வலியுறுத்தினார். அவர் கண்டது ஈரமான நாட்டின் பசு மாடுகளை; வறண்ட நிலத்துச் செம்மறிக்கு அது இன்னும் கூர்மையாகப் பொருந்துகிறது. கடிபட்ட தூர் மூன்றாம் நான்காம் நாளில் விடும் இளந்துளிர்தான் ஆட்டுக்கு மிகவும் பிடித்தது. பக்கத்திலேயே முற்றிய புல் நிறைய இருந்தாலும் அதை விட்டு இந்தத் துளிரையே மீண்டும் கடிக்கும். தூரில் சேர்த்து வைத்த சத்தைச் செலவிட்டுத் துளிர்த்த செடிக்கு இரண்டாவது கடி இரட்டை இழப்பு.

நான்கு நாள் என்ற வரம்புக்குக் குடற்புழுவும் ஒரு காரணம். செம்மறியின் நான்காம் வயிற்றில் தங்கி இரத்தம் உறிஞ்சும் உருண்டைப்புழுவின் முட்டைகள் புழுக்கையோடு விழுகின்றன; சூடும் ஈரமும் உள்ள நாள்களில் ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு நாளில் அவை தொற்றும் நிலைக்கு வளர்ந்து, ஈரமான இலை வழியே மேலேறுகின்றன. அதற்குள் மந்தை நகர்ந்துவிட்டால் தான் போட்ட புழுவைத் தானே உடனடியாகத் தின்ன நேராது. ஓய்வு நாள்களில் இந்த இளம்புழுக்கள் பெரும் பகுதி மடியும். பசிபிக் தீவு நாடான டோங்காவில் 1990களின் தொடக்கத்தில் வெள்ளாடுகளை வைத்து, மூன்றரை நாளுக்கு ஒருமுறை பகுதி மாற்றி, பத்துப் பகுதிகளைச் சுற்றிவரச் செய்த ஆய்வில், ஒரே இடத்தில் மேய்ந்தவற்றைவிடப் புழுத்தொற்று தெளிவாகக் குறைந்திருந்தது. இளம்புழுக்களில் பெரும்பாலானவை அடிப்புறத்து ஐந்து சென்டிமீட்டருக்குள்ளேயே இருப்பதால், எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் தாள் இருக்கும்போதே ஆடுகளை வெளியேற்றுவது புல்லுக்கும் ஆட்டுக்கும் ஒருசேர நன்மை. மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கீழ் இமையை மெல்லப் புரட்டிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நலம். வெளிறியிருந்தாலோ தாடையின் கீழ் நீர் கோத்திருந்தாலோ அந்த ஆட்டுக்குத் தாமதமின்றி மருத்துவம் வேண்டும். முழு மந்தைக்கும் மாதந்தோறும் மருந்து ஊற்றும் பழக்கம் மருந்துக்கு அசையாத புழுக்களைத்தான் வளர்க்கும்.

முதல் மழைக்குப் பின் எழும் பசும்புல்லில் திடீரென்று விட்டால், குடலில் பாக்டீரியா நஞ்சு பெருகி ஆட்டைச் சட்டென்று சாய்க்கும் துள்ளுமாரி நோய் வரக்கூடும். நன்றாகத் தின்னும் கொழுத்த குட்டிகளே முதலில் விழும். மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டு, முதல் வாரம் காலையில் சிறிது உலர்தீவனம் கொடுத்த பிறகே மேய்ச்சலுக்கு விடுங்கள்.

ஆறு பகுதிகளில் ஒன்றை ஆண்டுதோறும் முறை வைத்து, விதை உதிரும்வரை மேய்க்காமல் ஒதுக்குங்கள். ஆண்டில் ஒருமுறையாவது விதை உதிர்க்க வழியில்லாத படரும் முயல் மசால் மூன்று நான்கு ஆண்டுகளில் காணாமல் போய்விடும். நிலம் நலிவதை முன்கூட்டியே காட்டும் செடிகளும் உண்டு. ஆடு தொடாத ஆவாரை பெருகுவதும், ஊசிப்புல்லும் துடைப்பப்புல்லும் இடம்பிடிப்பதும் தூர்கள் தோற்றுக்கொண்டிருப்பதன் அடையாளங்கள். ஊசிப்புல்லின் முள் கம்பளிக்குள் நுழைந்து தோலையும் துளைக்கும். உண்ணிச்செடி இருந்தால் வேரோடு அகற்றுங்கள். அது கல்லீரலைக் கெடுத்து, வெயில் பட்ட தோலைப் புண்ணாக்கும். சீமைக்கருவேல் நெற்றைத் தின்று வரும் மந்தை அதன் விதையைப் புழுக்கையோடு தங்கள் நிலமெங்கும் விதைக்கும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

சூபாபுல் கேள்விக்கு வருகிறேன். வைக்கலாம், அளவோடு. அதில் மிமோசின் என்னும் நச்சுப் பொருள் உள்ளது. அதையே முதன்மைத் தீவனமாகத் தின்னும் செம்மறிக்குக் கம்பளி உதிரும். தைராய்டு சுரப்பியும் பாதிக்கப்படலாம். ஹவாய்த் தீவு வெள்ளாடுகள் அதைத் தின்றும் நலமாக இருப்பதற்குக் காரணம் அவற்றின் முதல் வயிற்றில் வாழும் ஒரு பாக்டீரியா என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரேமண்ட் ஜோன்ஸ் 1980களில் வெளிக்கொணர்ந்தார்; அந்த நுண்ணுயிருக்குப் பின்னர் சினர்ஜிஸ்டஸ் ஜோன்சி என்று அவர் பெயரே சூட்டப்பட்டது. தங்கள் மந்தையின் வயிற்றில் அது உள்ளதா என்று பார்த்துச் சொல்ல இயலாது. ஆகவே மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாதபடி வெட்டிப் போடுங்கள். காய்க்கவிட்டால் நிலமெங்கும் நாற்றாக முளைக்கும். பூக்கும் முன்பே கவாத்து செய்யுங்கள். சரளை மூலைக்குச் சூபாபுல்லைவிட வெள்வேலும் வன்னியும் பொருத்தம். வெள்வேலின் காய் புல் காய்ந்த பருவத்தில் உதிரும்போது ஆடுகள் ஓடி ஓடிப் பொறுக்கும். ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து மரங்களுக்கு மேல் வேண்டாம். நெருங்கிய நிழலில் கொழுக்கட்டைப்புல் மெலியும்.

குட்டி ஈனும் பருவத்தையும் புல்லோடு பொருத்தினால் நிலத்தின் சுமை குறையும். சினைக்காலம் 150 நாள். பால் கொடுக்கும் தாய்க்கு மற்ற ஆடுகளைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு தீவனம் வேண்டும். மழை தொடங்கி ஒரு மாதத்தில் குட்டிகள் பிறக்க வேண்டுமானால், மழைக்கு நான்கு மாதம் முன்பே கிடாவைச் சேர்க்க வேண்டும். இதில் உள்ள இக்கட்டு என்னவென்றால் அந்த நேரத்தில் பெட்டைகள் மெலிந்திருக்கும். ஆகவே ஒதுக்கி வைத்த பகுதியின் வைக்கோலையும் மரத்தழையையும் வேறெதற்கும் செலவிடாமல், கிடா சேர்ப்பதற்கு மூன்று வாரம் முன்பிருந்து பெட்டைகளுக்குக் கொடுங்கள். அப்படிப் பிறந்த குட்டிகள் பால் மறந்து விலைக்கு ஆகும் வேளையில் புல் காயத் தொடங்கும். அப்போதே விற்றுவிட்டால் வறண்ட மாதங்களில் அந்த வாய்கள் இரா.

கடைசியாக, இப்போது பாதி அழிந்து நிற்கும் அந்த ஒரு ஏக்கர். அதை உழுதுவிட்டுப் புதிதாக விதைக்கலாம் என்று தாங்கள் எண்ணக்கூடும், அவசரப்படாதீர்கள். மேலே சொன்ன சட்டத்தை இருபது இடங்களில் எறிந்து, உயிருள்ள தூர்களை எண்ணுங்கள். காய்ந்ததுபோல் தெரியும் தூரின் அடியை நகத்தால் கீறினால், உயிர் இருந்தால் வெண்பச்சை தெரியும். சதுர மீட்டருக்குச் சராசரியாக இரண்டு தூர்கள் இருந்தாலும் அந்த நிலத்தைக் காப்பாற்றலாம். அடுத்த மழையில் செழித்த தூர்களைப் பிரித்து, வேரோடு கூடிய கரணைகளாக வெற்றிடங்களில் அரை மீட்டர் இடைவெளியில் நட்டு, பதப்படுத்திய முயல் மசால் விதையை மேலாகத் தூவி, விதை உதிரும்வரை அடைத்து வைத்தால் போதும். இரண்டுக்கும் குறைவாக இருந்தால் மட்டும் உழவைப் பற்றி யோசியுங்கள். முயல் மசால் செடிகள் எத்தனை நிற்கின்றன என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பதப்படுத்தாமல் விதைத்த விதையில் பெரும்பகுதி இன்னும் அந்த மண்ணிலேயே உறங்கிக் கிடக்கக்கூடும். வரும் மழையில் அவற்றில் ஒரு பங்கு தானாகவே முளைத்துவருவதைப் பார்த்த பிறகு எவ்வளவு புதிய விதை வேண்டும் என்று முடிவு செய்யலாம்.